ஹான் யெரியைக் கொன்ற புத்தகங்கள்

1777 செப்டம்பர் 3ஆம் தேதி பிலடெல்பியாவில் வெளிவந்த 'பென்சில்வேனியா ஜர்னல்' பத்திரிகையில் ஒரு சின்னச் செய்தி இருக்கிறது. ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு முன் நியூயார்க்கின் மேற்குப் பக்கத்தில் நடந்த விடுதலைப் போர்ச் சண்டையில், அமெரிக்கர் தரப்பில் பூர்வகுடி வீரர் ஒருவர் மனைவி, மகனோடு சேர்ந்து போரிட்டாராம். எதிரிகள் ஒன்பது பேரைக் கொன்றாராம். மணிக்கட்டில் குண்டு பாய்ந்து துப்பாக்கியைக் கையாள முடியாமல் போனதும் கைக்கோடரியை எடுத்துக்கொண்டாராம். மகன் இரண்டு பேரைக் கொன்றான். மனைவி குதிரைமேல் இருந்தபடி, கைத்துப்பாக்கிகளோடு, ஆறு மணி நேரச் சண்டை முடியும்வரை கணவரின் பக்கத்தை விட்டு நகரவில்லை. செய்தி இவ்வளவுதான். மூன்று பேரில் ஒருவருக்கும் பெயர் கிடையாது.

அன்றைய பத்திரிகைக்குப் பெயர் தேவைப்படவும் இல்லை. பிரிட்டிஷ் தளபதி ஹோவின் படை ஆகஸ்ட் கடைசியிலேயே செசபீக் விரிகுடாவின் தலைமாட்டில் வந்து இறங்கிவிட்டது. செப்டம்பர் முடிவதற்குள் பிலடெல்பியா அவர் கைக்குப் போய்விட்டது. தலைக்குமேல் கத்தி தொங்கிய அந்த வாரத்தில் நகரத்தாருக்கு வேண்டியிருந்தது தெம்பு. 'காட்டுக்குள்ளிருந்து ஒரு குடும்பமே நமக்காக வந்து நின்றது' என்பது தெம்பான செய்தி. அதனாலேயே எனக்கு அதன்மேல் சந்தேகமும் வந்தது. ஒன்பது பேர், இரண்டு பேர் என்று கணக்கு இத்தனை சுத்தமாக இருக்கும்போது, எண்ணியவர் யார் என்று கேட்கத்தான் தோன்றும்.

சண்டை எது என்பதில் சிக்கல் இல்லை. 1777 ஆகஸ்ட் 6ஆம் தேதி நடந்த ஒரிஸ்கனிச் சண்டை அது. மோஹாக் ஆற்றின் மேல்முனையில் இருந்த ஃபோர்ட் ஸ்டான்விக்ஸ் கோட்டையை பிரிட்டிஷ் அதிகாரி பாரி செயின்ட் லெஜர் முற்றுகை இட்டிருந்தார். கோட்டையைக் காப்பாற்ற டிரையன் கவுண்டியின் ஊர்ப்படை, ஏறத்தாழ 800 பேர், நிக்கோலஸ் ஹெர்க்கிமர் தலைமையில் புறப்பட்டது. முக்கால்வாசிப் பேர் ஜெர்மானிய வம்சாவளிக் குடியானவர்கள். ஒரிஸ்கா என்ற, ஒனைடா பூர்வகுடி மக்களின் கிராமத்தருகே 60 ஒனைடா வீரர்கள் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். கோட்டைக்கு ஆறு மைல் இருக்கையில், சாலை ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுகிற இடத்தில், மோஹாக், செனெகா பூர்வகுடி வீரர்களும் அரசருக்கு ஆதரவான வெள்ளையர்களும் மரங்களுக்குப் பின்னால் காத்திருந்தார்கள். ஊர்ப்படை கிளம்பிய சேதியை அவர்களுக்கு முன்கூட்டியே அனுப்பியவர் மோலி பிராண்ட் என்ற மோஹாக் பெண். போர்த்தலைவர் ஜோசப் பிராண்டின் அக்காள். ஹெர்க்கிமரின் படையில் ஏறக்குறைய பாதிப் பேர் அன்று செத்தார்கள், காயப்பட்டார்கள், அல்லது பிடிபட்டார்கள்.

அந்த அறுபது பேரில் மணிக்கட்டில் அடிபட்டவர் யார்? துப்பு விஸ்கான்சின் மாநிலத்தின் தலைநகர் மேடிசனில் இருக்கிறது. லைமன் டிரேப்பர் என்ற சேகரிப்பாளர் தன் வாழ்நாள் முழுக்க எல்லைப்புறப் போர்களின் நினைவுகளைத் தேடித் தேடி எழுதிவைத்தவர். 1877இல், அதாவது சண்டை நடந்து சரியாக நூறு ஆண்டு கழித்து, கிரீன் பே அருகில் குடியேறியிருந்த ஒனைடா மக்களிடம் போய் உட்கார்ந்து, முதியவர்கள் சொன்னதைக் குறித்துக்கொண்டார். அவருடைய கையெழுத்துப் பிரதிகள் மைக்ரோஃபிலிமில் உலகம் முழுக்கக் கிடைக்கின்றன. படிக்கப் பொறுமை வேண்டும்: மனிதர் கிடைத்த தாளில் எல்லாம் எழுதியிருக்கிறார், எழுத்தும் பொடி எழுத்து. ஆனால் போரிட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பேசுவது அங்கேதான் கேட்கிறது. அந்த நினைவுகளில் ஒரிஸ்கனிக்கு உரிய பெயர் ஹான் யெரி. ஒரிஸ்கா கிராமத்தின் போர்த்தலைவர். மனைவி தியோனஜானேகன், 'இரண்டு கெட்டில்கள் ஒன்றாக' என்ற பொருள்கொண்ட பெயர். கணவருக்கு வலது மணிக்கட்டில் அடிபட்டதும் மனைவி அவருடைய துப்பாக்கியில் மருந்து கெட்டித்துக் கொடுத்தார், அவர் தொடர்ந்து சுட்டார் என்கிறது குடும்ப மரபு.

கவனியுங்கள்: பத்திரிகை கோடரி என்கிறது, மரபு துப்பாக்கி என்கிறது. ஒன்று பொய்யாகத்தான் இருக்கவேண்டுமா? அன்றைய துப்பாக்கி எப்படி வேலை செய்தது என்று பார்த்தால் முடிச்சு அவிழும். தோட்டா என்பது ஒரு காகிதச் சுருள். உள்ளே கருமருந்தும் ஈயக் குண்டும். சுருளைப் பல்லால் கடித்துக் கிழித்து, ஒரு சிட்டிகை மருந்தைத் துப்பாக்கியின் பக்கவாட்டுக் கிண்ணத்தில் போட்டு மூடவேண்டும். துப்பாக்கியை நிமிர்த்தி மிச்ச மருந்தையும் குண்டையும் குழல்வாயில் கொட்டவேண்டும். பிறகு நீளக் கம்பியை உருவி, இடித்துக் கெட்டித்து, கம்பியை மறுபடி செருகிக்கொண்டு, சுத்தியலைப் பின்னிழுக்கவேண்டும். இத்தனையையும் ஒற்றைக் கையால் செய்து முடிக்க முடியாது. ஆனால் கெட்டித்த துப்பாக்கி கைக்கு வந்துவிட்டால், ஒரு மரத்தின் கவட்டில் சாய்த்துவைத்து, இடது கையால் விசையை இழுக்க முடியும். காயம்பட்டவரால் முடியாமல் போனது சுடுவது அல்ல, கெட்டிப்பது. அந்தப் பாதியை இன்னொருவர் எடுத்துக்கொண்டால் சண்டை தொடரும். இடையில் எதிரி நெருங்கிவந்த நேரத்தில் கோடரியும் சுழன்றிருக்கலாம். ஆறு மணி நேரச் சண்டையில் இரண்டுக்கும் இடம் இருந்தது.

இதைவிட ஒரு சுவையான விஷயம் உண்டு. சண்டை நடுவில் இடியோடு மழை கொட்டி, கிண்ண மருந்தெல்லாம் நனைந்து, ஏறக்குறைய ஒரு மணி நேரம் இரு தரப்பும் ஓய்ந்து நின்றன. காலில் குண்டு பாய்ந்த ஹெர்க்கிமர் மரத்தடியில் சேணத்தைப் போட்டு உட்கார்ந்து, புகைக்குழாயைப் பற்றவைத்தபடி ஓர் உத்தரவு போட்டார்: இனிமேல் ஒரு மரத்துக்குப் பின்னால் இரண்டு பேர் நில்லுங்கள், ஒருவன் சுட்டால் மற்றவன் கெட்டித்த துப்பாக்கியோடு தயாராக இருக்கட்டும். ஒருவன் சுட்டு முடித்து மருந்து கெட்டிக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்காகக் காத்திருந்து, எதிரிகள் ஓடிவந்து கோடரியால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கு அவர் கண்ட மாற்று இது. ஹெர்க்கிமரின் இந்த உத்தரவு பாடப் புத்தகங்கள்வரை வந்துவிட்டது. ஹான் யெரியும் தியோனஜானேகனும் செய்தது அதே வேலை. அதை யாரும் போர்த்தந்திரம் என்று எழுதவில்லை, மனைவியின் பற்று என்றுதான் எழுதினார்கள். ஹெர்க்கிமர் பத்து நாளில், கால் வெட்டி எடுக்கப்பட்டபின், இறந்துபோனார்.

குதிரை? பள்ளத்தாக்குக் காட்டில் குதிரைமேல் ஒரு பெண் என்பது பத்திரிகைக்காரரின் கைச்சரக்கோ என்று முதலில் தோன்றும். ஆனால் ஒரிஸ்கா கிராமம் சண்டை நடந்த பள்ளத்திலிருந்து ஓரிரு மைல் தூரம்தான். தியோனஜானேகன் எங்கோ போர்க்களம் தேடிப் போகவில்லை. போர் அவர் வீட்டு வாசலுக்கு வந்திருந்தது. ஒனைடாக்களிடம் குதிரை இருந்ததற்கும் எழுத்துச் சான்று உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன். ஆறு மணி நேரமும் குதிரையை விட்டு இறங்கவே இல்லை என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். மரத்துக்குப் பின்னால் மறைந்து சுடுகிறவர்கள் நடுவே குதிரைமேல் உட்கார்ந்திருப்பவர் கால்மணி நேரம் தாங்குவது கடினம்; துப்பாக்கி கெட்டிக்கவும் இறங்கித்தான் ஆகவேண்டும்.

நண்பர்கள் எழுதியதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. எதிரி முகாமில் டேனியல் க்ளாஸ் என்று ஒருவர் இருந்தார். பிரிட்டிஷ் தரப்பில் பூர்வகுடி விவகாரங்களைக் கவனித்தவர், செயின்ட் லெஜரோடு வந்தவர். சண்டை முடிந்த சில மாதங்களில், 1777 இறுதியில், அவர் லண்டனுக்கு எழுதிய கடிதம் நியூயார்க் மாநிலம் 19ஆம் நூற்றாண்டில் அச்சிட்ட காலனி ஆவணத் தொகுப்பின் எட்டாம் தொகுதியில் இருக்கிறது. அவர் சொல்வது இது: சண்டைக்குப் பிறகு பிராண்டோடு இருந்த பூர்வகுடியினர் ஒனைடா கிராமத்தைக் கொளுத்தி, விளைந்து நின்ற வயலை அழித்து, கால்நடைகளைக் கொன்றும் ஓட்டிக்கொண்டும் போனார்கள். பதிலுக்கு ஒனைடாக்கள் மோஹாக்குகளின் மேலூருக்குப் போய் மோலி பிராண்டின் வீட்டைச் சூறையாடி, பணம், துணிமணி, கால்நடை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அவரைத் துரத்திவிட்டார்கள். அடுத்து கீழூருக்கும் போய், ஆண்கள் போருக்குப் போயிருந்த வீடுகளில் பெண்களையும் பிள்ளைகளையும் அதே கதிக்கு ஆளாக்கினார்கள்.

இந்தக் கடிதத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். ஒனைடாக்களைப் புகழவேண்டிய அவசியம் க்ளாஸுக்குத் துளியும் இல்லை. அவர் கொளுத்தப்பட்டதாகச் சொல்லும் ஒனைடா கிராமம் ஒரிஸ்கா. ஒனைடாக்கள் அன்று ஊர்ப்படைக்கு வழிகாட்டிகளாக மட்டும் போயிருந்தால் அவர்கள் ஊரைத் தேடிவந்து எரித்திருக்கமாட்டார்கள். எரிந்த ஊரின் போர்த்தலைவர் ஹான் யெரி. கூடவே, புகழுரைகள் விட்டுவிடும் இன்னொரு பக்கத்தையும் இந்தக் கடிதம் காட்டுகிறது. வீரம் என்ற சொல் பொருந்தாத காரியங்களும் அந்த ஆகஸ்டில் நடந்தன. கொள்ளை கொடுத்தவர்களும் கொண்டவர்களும் தலைமுறை தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்த அண்டை ஊர்க்காரர்கள்.

ஹோடெனோஷோனி என்ற கூட்டமைப்பில் மோஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனெகா, பின்னால் வந்து சேர்ந்த டஸ்கரோரா என்று ஆறு மக்கள். 1775இல் போர் தொடங்கியபோது ஒனைடாக்கள் நியூ இங்கிலாந்து ஆளுநர்களுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார்கள். அண்ணன் தம்பிச் சண்டையில் நாங்கள் தலையிடமாட்டோம், இரு தரப்பும் எங்களை இழுக்கவேண்டாம் என்பது அதன் சாரம். இரண்டே ஆண்டில் அந்த நடுநிலை உடைந்துவிட்டது. 1777 ஜனவரியில் ஒனொண்டாகாவிலிருந்து வந்த சேதி ஃபோர்ட் ஸ்டான்விக்ஸில் பதிவாகியிருக்கிறது: கொள்ளைநோயில் 90 பேர் இறந்துவிட்டார்கள், அவர்களில் மூவர் முதன்மைத் தலைவர்கள், ஆகவே கூட்டமைப்பின் நடுத்தீ அணைந்துவிட்டது. ஆறு பேரும் கூடி ஒரே முடிவு எடுக்கும் இடம் இல்லாமல் போனது. இனி ஒவ்வோர் ஊரும் தன் முடிவைத் தானே எடுக்கவேண்டியதாயிற்று.

ஒனைடாக்கள் அமெரிக்கர் பக்கம் சாய்ந்ததற்கு அவர்களிடையே வாழ்ந்த பாதிரியார் சாமுவேல் கிர்க்லண்டே காரணம் என்று எழுதுவது வழக்கம். அவர் செல்வாக்கு பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் வரைபடத்தை விரித்துப் பார்த்தால் ஒரிஸ்காவின் நிலை வேறொரு கதையைச் சொல்கிறது. அது ஒனைடா ஊர்களிலேயே கிழக்கே, வெள்ளையர் பண்ணைகளை ஒட்டிக் கிடந்த ஊர். ஹான் யெரி என்ற பெயரே ஜெர்மானியர்களின் ஹான்ஸ் யோர்க். பிற்பாடு குடும்பப் பெயராக நின்ற டாக்ஸ்டேட்டர், அந்தப் பள்ளத்தாக்கின் ஜெர்மானியக் குடும்பம் ஒன்றின் பெயர். ஹெர்க்கிமரோடு நடந்த குடியானவர்கள் அவருக்கு அந்நியர் அல்லர். கோட்டை இருந்த இடமோ படகுகளைத் தோளில் தூக்கிக் கடக்கும் நிலவழி; ஒனைடாக்களின் உயிர்நாடி. அதைச் சுற்றியிருந்த நிலத்துக்காக பிரிட்டிஷ் அதிகாரி வில்லியம் ஜான்சன் 1768 ஒப்பந்தத்தின்போது கொடுத்த நெருக்கடியை அவர்கள் மறந்திருக்கவில்லை. விசுவாசம் என்று வெள்ளைத் தளபதிகளின் கடிதங்கள் சொல்வதை, என் கணக்கில், ஊரும் அண்டை அயலும் சேர்ந்து எடுத்த தற்காப்பு முடிவு என்றுதான் படிக்கவேண்டும். அதில் வீரம் குறைந்துவிடவில்லை.

ஒரிஸ்கனியோடு அவர்கள் நின்றுவிடவும் இல்லை. அடுத்த மாதமே ஒனைடாக்களும் டஸ்கரோராக்களுமாக 150 பேர் அளவில் சரடோகாவில் அமெரிக்கத் தளபதி கேட்ஸின் படையோடு சேர்ந்தார்கள். 1778 மே மாதம் ஐம்பது பேர் அளவில் அமெரிக்கப் படையின் வேலி ஃபோர்ஜ் முகாமுக்கு வந்து, பேரன் ஹில் என்ற இடத்தில் லஃபாயெட்டின் படை சுற்றிவளைக்கப்பட்டபோது அதன் பின்வாங்கலைக் காத்து நின்றார்கள். 1779இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒனைடா, டஸ்கரோரா வீரர்கள் சிலருக்கு முறையான ராணுவப் பதவிகளை வழங்கியது. ஹான் யெரி கேப்டன் ஆனார்.

இங்கேதான் புத்தகங்கள் அவரைக் கொன்றன.

1779 செப்டம்பரில் அமெரிக்க ஜெனரல் சல்லிவனின் படை செனெகா நாட்டுக்குள் புகுந்து ஊர் ஊராக எரித்துக்கொண்டு போனது. 13ஆம் தேதி காலை, லெப்டினன்ட் தாமஸ் பாய்ட் தலைமையில் வேவு பார்க்கப் போன சிறு குழு கோனெசஸ் ஏரிப் பக்கம் பதுங்குத் தாக்குதலில் சிக்கியது. பாய்டும் சார்ஜென்ட் பார்க்கரும் பிடிபட்டு, சித்திரவதை செய்து கொல்லப்பட்டார்கள். வழிகாட்டியாகப் போன ஒனைடா வீரரும் கொல்லப்பட்டார். 19ஆம் நூற்றாண்டில் எல்லைப்புறக் கதைகளைத் தொகுத்து எழுதியவர்கள் சிலர் அந்த வழிகாட்டிதான் ஒரிஸ்கனி புகழ் ஹான் யெரி என்று எழுதிவிட்டார்கள். ஒரிஸ்கனியில் செய்ததற்குத்தான் செனெகாக்கள் பழி தீர்த்துக்கொண்டார்கள், உடலைத் துண்டு துண்டாக வெட்டினார்கள் என்று கதையும் பொருந்தி உட்கார்ந்தது. ஒரு புத்தகத்தில் ஏறியது பத்துப் புத்தகங்களுக்குப் பரவியது.

மூலத்துக்குப் போனால் நிலைமை வேறு. சல்லிவன் படையின் அதிகாரிகள் எழுதிய நாட்குறிப்புகளை நியூயார்க் மாநிலம் 1887இல் ஒரே தொகுப்பாக அச்சிட்டது. இன்று இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். அவற்றில் செத்த வழிகாட்டியின் பெயர் ஹான்யோஸ்ட், ஹோன்யோஸ் என்று வருகிறது. யெரி இல்லை, யோஸ்ட். ஜெர்மானியக் குடியானவர்களிடம் முதல் பெயர் பெரும்பாலும் யோகான்; ஆளை அடையாளம் காட்டுவது இரண்டாம் பெயர்தான். யோகான் கேயோர்க் என்பது ஹான் யெரி ஆகிறது, யோகான் யோஸ்ட் என்பது ஹான் யோஸ்ட் ஆகிறது. காதில் விழுந்ததை எழுதும் ஆங்கிலேயருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் ஒலித்திருக்கும்.

போதாக்குறைக்கு அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க ஹான் யோஸ்ட்கள். ஃபோர்ட் ஸ்டான்விக்ஸ் முற்றுகையை உடைக்க அமெரிக்கத் தளபதி பெனடிக்ட் அர்னால்ட் ஓர் உபாயம் செய்தார். மரணதண்டனை விதிக்கப்பட்டிருந்த ஒருவனை, பெரும்படை வருகிறது என்று புரளி கிளப்ப செயின்ட் லெஜர் முகாமுக்கு அனுப்பினார். அவன் பெயர் ஹான் யோஸ்ட் ஸ்கைலர். ஹெர்க்கிமருக்கு எதிரணியில் ஒரு தம்பி உண்டு. அவர் பெயரும் யோகான் யோஸ்ட். தேடுபெட்டியில் இந்தப் பெயரைத் தட்டினால் ஒரே முற்றுகையின் இரு பக்கமிருந்தும் ஆட்கள் கைதூக்குகிறார்கள். எழுத்துக்கூட்டலோ, ஹான்ஜூரி, ஹோன்யெரி, ஹான்ஸ்யூரி என்று எழுதுபவர் கைக்கேற்ப மாறுகிறது. கணினி ஒன்றைக் காட்டி மற்றதை மறைத்துவிடும். கடைசியில் பக்கம் பக்கமாகக் கண்ணால்தான் பார்க்கவேண்டியிருக்கிறது.

அப்படியானால் எப்படித் தீர்ப்பது? நியூயார்க் மாநிலம் போர்வீரர்களுக்கு நிலம் பகிர்ந்தபோது சீட்டுக் குலுக்கிய பதிவேடு ஒன்று 1825இல் ஆல்பனியில் அச்சானது. அதில் ஒனைடா அதிகாரிகளும் உண்டு, கேப்டன் ஹான் யெரியும் உண்டு. 1790களில் நிலம் கிடைத்திருக்கிறது, ஆகவே உயிரோடு இருந்திருக்கிறார் என்று துள்ளிக் குதிக்கத் தோன்றும். கூடாது. போரில் செத்தவர்களின் பெயரிலும் நிலம் ஒதுக்கினார்கள், வாரிசுகளுக்குப் போகும். அந்த ஏடு தனியாக எதையும் நிரூபிக்காது.

நிரூபிப்பது ஒனைடாப் பெயர்கள். ஹான் யெரியின் சொந்தப் பெயர் தெவஹங்கரகன் என்ற உருவில் பதிவுகளில் வருகிறது. 1779இல் செத்த வழிகாட்டியின் பெயர் தாவோசாக்வாட். ஹோடெனோஷோனி வழக்கத்தில் பெயர் என்பது குலத்தின் சொத்து. உயிரோடிருக்கும் ஒருவர் தாங்கும் பெயரை அதே சமயத்தில் இன்னொருவருக்கு வைக்கமாட்டார்கள். ஞானஸ்நானப் பெயர் ஆயிரம் பேருக்கு இருக்கலாம். குலப்பெயர் அப்படி அல்ல. பாதிரிமாரும் குமாஸ்தாக்களும் குழப்பிவைத்ததை ஒனைடாக்களின் சொந்தப் பெயரிடும் முறையே தெளிவாக்கிவிடுகிறது. இருவரும் சகோதரர்கள் என்று எழுதுவோரும் உண்டு. அப்படியானால் குழப்பம் எப்படி முளைத்தது என்பதும் விளங்கும். 2006இல் ஒனைடாக்களின் போர் வரலாற்றை விரிவாக எழுதிய ஜோசப் கிளாட்ஹார், ஜேம்ஸ் கிர்பி மார்ட்டின் இருவரும் இவர்களைத் தனித்தனி ஆட்களாகவே நடத்துகிறார்கள்.

தாவோசாக்வாட்டின் சாவுக்கும் ஒரு கதை ஒட்டியிருக்கிறது. செனெகாக்களிடையே வாழ்ந்த வெள்ளைப் பெண் மேரி ஜெமிசன் தன் முதுமையில் சொல்லி 1824இல் அச்சான வாழ்க்கைக் கதையில், பிடிபட்ட ஒனைடா ஒருவரை எதிரணியில் இருந்த அவருடைய சொந்த அண்ணனே எதிர்கொள்கிறார். நீண்ட நேரம் கடிந்து பேசுகிறார். ஆனால் கொல்லக் கை எழவில்லை. கடைசியில் செனெகாத் தலைவர் லிட்டில் பியர்ட் முன்வந்து கொல்கிறார். படிக்கும்போது மயிர்க்கூச்செறியும். ஆனால் சல்லிவன் படை நெருங்கியதும் பெண்களும் குழந்தைகளும் ஊரைக் காலி செய்துவிட்டிருந்தார்கள். ஜெமிசன் அதை நேரில் பார்த்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. சொன்னதும் நாற்பத்து நான்கு ஆண்டு கழித்து. அந்தப் பேச்சை வார்த்தைக்கு வார்த்தை எடுத்து மேற்கோள் காட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். கூட்டமைப்பு உடைந்ததை ஒரே காட்சியில் சொல்ல மக்கள் உருவாக்கிக்கொண்ட கதை என்று எடுத்துக்கொண்டால் அதற்கு வேறு விதத்தில் மதிப்பு உண்டு.

உயிரோடு இருந்த ஹான் யெரியின் கதை அந்த அளவு நாடகத்தனமானது அல்ல. அதனால்தானோ என்னவோ, யாரும் அதைச் சொல்ல ஆசைப்படவில்லை. 1780இல் ஒனைடாக்களின் தலைமை ஊரான கனோன்வலொஹாலே எதிரிகளால் எரிக்கப்பட்டது. ஓடிவந்தவர்கள் ஸ்கெனெக்டடி நகருக்கு வெளியே குடிசைகளில், போதிய துணியும் தீனியும் இல்லாமல் குளிர்காலங்களைக் கழித்தார்கள். கவுரவமான நட்பு நாட்டாரை இப்படி வைத்திருப்பதா என்று அமெரிக்க ஜெனரல் ஸ்கைலர் (ஹான் யோஸ்ட் அல்ல, வேறொருவர்) காங்கிரஸிடம் மன்றாடவேண்டியிருந்தது.

போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்து, 1794இல், அமெரிக்க அரசின் தூதர் டிமதி பிக்கரிங் ஒனைடாக்களிடம் வந்து, போரில் யார் யார் எதை இழந்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். அந்தத் தாள்கள் பாஸ்டனில், மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தில் உள்ள பிக்கரிங் ஆவணங்களில் இருக்கின்றன. பலகை வீடுகள், குதிரைகள், பன்றிகள், கெட்டில்கள், வெள்ளீயத் தட்டுகள், தேநீர்க் கூஜாக்கள், மெழுகுவத்தித் தண்டுகள், முகம் பார்க்கும் கண்ணாடிகள் என்று வீடு வீடாகப் பட்டியல் நீள்கிறது. நான் முன்னே சொன்ன குதிரைச் சான்று இதுதான். அதைவிட முக்கியமாக, காட்டில் வேட்டையாடித் திரிந்த வீரன் என்று கதைப் புத்தகங்கள் வரைந்த சித்திரத்தை இந்தப் பட்டியல் ஒரே பக்கத்தில் தகர்த்துவிடுகிறது. இவர்கள் இழப்பதற்கு நிறைய வைத்திருந்த குடித்தனக்காரர்கள். 1777 ஆகஸ்டில் ஒரிஸ்காவிலிருந்து ஹெர்க்கிமரோடு கிளம்பியவர்களுக்கு, தோற்றால் என்னென்ன எரியும் என்று பொருள் பொருளாகத் தெரியும்.

1794 டிசம்பர் 2ஆம் தேதி அமெரிக்க அரசோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. இழப்பீடு 5,000 டாலர், எரிந்த தேவாலயத்துக்கு 1,000 டாலர், ஒரு மாவு ஆலை, ஒரு மரமறுக்கும் ஆலை, அவற்றை ஓட்டக் கற்றுக்கொடுக்க மூன்று ஆண்டுக்கு ஆட்கள். பதிலுக்கு ஒனைடாக்கள் போர் தொடர்பான மற்ற எல்லாக் கோரிக்கைகளையும் கைவிட்டார்கள்.

ஒனைடா நிலம் ஒனைடாக்களுக்கே என்று 1784 ஒப்பந்தம் உறுதி சொல்லியிருந்தது. நியூயார்க் மாநிலம் அடுத்த ஆண்டே ஒரு பகுதியை வாங்கியது. 1788இல் மேலும் 50 லட்சம் ஏக்கருக்குமேல் வாங்கி, 3 லட்சம் ஏக்கர் அளவுக்கு மட்டும் மிச்சம் விட்டது. பிக்கரிங்கின் மை உலர்வதற்குள், 1795இல், கூட்டாட்சி அரசின் ஒப்புதல் இல்லாமல் இன்னும் ஒரு லட்சம் ஏக்கர் போனது. 1820களில் ஒரு பெரும்பகுதியினர் விஸ்கான்சினுக்கும், பிறகு ஒரு பகுதியினர் கனடாவின் ஒன்டாரியோவுக்கும் பெயர்ந்தார்கள். நியூயார்க்கில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் கையில் இருந்தது 32 ஏக்கர். 1795 விற்பனை கூட்டாட்சிச் சட்டத்துக்கு விரோதமானது என்ற வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985இல் ஒனைடாக்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதன்பின் பழைய நிலங்கள் சிலவற்றை அவர்கள் காசு கொடுத்தே திரும்ப வாங்கினார்கள். அந்த நிலத்தின்மேல் பழைய இறையாண்மை தானாகத் திரும்பி வந்துவிடாது, நிலம் இருந்த ஷெரில் நகரத்துக்கு வரி கட்டவேண்டும் என்று அதே நீதிமன்றம் 2005இல் சொல்லிவிட்டது.